வீட்டுச் சுவரிற் சிலுவை: அடையாளமும் அலங்காரமும்

இத்தாலி நாட்டிலே, கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலையின் சீற்றத்தாற் புதையுண்ட நகரங்களுள் ஹேர்க்குலேனியமும் ஒன்றாகும். அங்கு 1938 இல் அகழ்ந்து வெளிப்படுத்தப்பட்ட ஒரு வீட்டின் மேன்மாடியிலே, சிற்றறை ஒன்றின் வெண்சாந்துச் சுவரிற் சிலுவை வடிவமான பள்ளம் ஒன்று காணப்பட்டது. மரத்தாலான ஏதோவொரு பொருள் அவ்விடத்தில் ஆணியாற் பொருத்தப்பட்டிருந்து பின்னர் அகற்றப்பட்டிருக்க வேண்டும். அகழ்வை நெறிப்படுத்திய அமெதேயோ மயூரி அதனைக் கிறிஸ்தவச் சிலுவையின் சுவடெனக் கொண்டார். பிற்கால அறிஞர் பலர் அதனை ஏற்றிலர். சுவர்த்தட்டு ஒன்றைத் தாங்கிய மரச்சட்டத்தின் தழும்பே அதுவென்பது அவர்தம் கருத்து.

சிறியதாகத் தோன்றும் இவ்விவாதம் பெரியதொரு வினாவை எழுப்புகின்றது. ஒரு வீட்டின் சுவரைக் கொண்டு அவ்வீட்டாரின் நெஞ்சை அறிதல் கூடுமோ? சமயச் சின்னம் ஒன்று இல்லத்தினுள் இடம்பெறும்போது அது அடையாளமா, அன்றி அலங்காரமா? கோயிலில் இருப்பதே உண்மையான சின்னமென்றும், வீட்டிலே மாட்டப்பட்டது 'வெறும் அலங்காரம்' என்றும் பிரித்துப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இப்பிரிவினை வரலாற்றின் முன் நிற்குமா என்பதைச் சிலுவையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிலுவையில்லாக் காலம்

கிறிஸ்தவம் என்றவுடன் இன்று நம் நினைவுக்கு வருவது சிலுவையே. ஆயின், முதன் மூன்று நூற்றாண்டுகளிற் கிறிஸ்தவர் தம் இல்லங்களில் அதனை வைத்திருந்தமைக்கு ஐயமற்ற சான்றுகள் மிக அரியன. காரணம் வெளிப்படையானது. றோமப் பேரரசிலே சிலுவை என்பது அடிமைகளையும் கலகக்காரரையும் கொல்லும் கருவியாகும். தூக்குமரத்தின் உருவை எவரும் தம் வீட்டிலே மாட்டி வைப்பதில்லை. றோம் நகரின் பலற்றைன் குன்றில் 1857 இற் கண்டெடுக்கப்பட்ட சுவர்க்கிறுக்கல் ஒன்றிலே, கழுதைத் தலை கொண்ட ஓர் உருவம் சிலுவையில் தொங்குகின்றது; அருகே ஒருவன் நிற்கின்றான். அலெக்சமெனோஸ் என்பான் தன் தெய்வத்தைத் தொழுவதாக அதன் கீழே கேலி வாசகம் ஒன்று கீறப்பட்டுள்ளது. சுவரிலே நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சிலுவையுருக்களுள் ஒன்றை வரைந்தவன் பக்தன் அல்லன். பழித்தவனே என்பது சிந்திக்கத்தக்கது.

ஏறத்தாழ கி.பி. 200 அளவிலே அலெக்சாந்திரியா நகர்க் கிளமென்ற், கிறிஸ்தவர் தம் முத்திரை மோதிரங்களிற் பொறிக்கத்தக்க உருவங்கள் இவையெனக் குறித்தார். புறா, மீன், கப்பல், யாழ், நங்கூரம் என்பன அவற்றுள் அடங்கும். சிலுவை அங்கு இல்லை. இவையாவும் பிற சமயத்தவரும் அணிந்த பொதுவான உருவங்களே. அயலான் கண்ணுக்கு அவை அலங்காரம். அணிந்தவன் நெஞ்சுக்கு அடையாளம். எனவே, தொடக்கக் காலத்தில் அலங்காரமானது அடையாளத்தைக் கெடுக்கவில்லை. அதற்குப் போர்வையாய் நின்று காத்தது எனலாம்.

சுவரும் தரையும்

கொன்ஸ்தந்தீன் பேரரசன் 312 இற் பெற்ற வெற்றியும், அடுத்த ஆண்டு கிறிஸ்தவருக்குக் கிடைத்த சமய உரிமையும் நிலைமையை மாற்றின. இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் லலிங்ஸ்ரன் என்னுமிடத்திலுள்ள றோமர் கால மாளிகையிலே, நான்காம் நூற்றாண்டிற்குரிய சுவரோவியங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. கிறிஸ்து என்னும் பெயரின் முதலிரு கிரேக்க எழுத்துக்களைப் பிணைத்த இலச்சினை, மலர்வளையம் சூழ அங்கு தீட்டப்பட்டுள்ளது. டோசெற் பகுதியின் ஹின்ரன் செயின்ற் மேரியில் 1963 இற் கண்டெடுக்கப்பட்ட தளவோவியத்திலோ, அதே இலச்சினையின் முன்னே ஒரு முகம் அமைந்துள்ளது. அது கிறிஸ்துவின் முகம் எனவே அறிஞர் பலரும் கொள்வர். முன்னது சுவரில் உள்ளது. பின்னது மனிதர் நடக்கும் தரையில் உள்ளது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவிலே போதித்த யோவான் கிறிசொஸ்தொம், சிலுவையை எங்கும் காணலாமென மகிழ்ந்துரைத்தார். வீடுகள், சந்தைகள், கப்பல்கள், கட்டில்கள், ஆடைகள், பொன் வெள்ளிக் கலங்கள் யாவற்றிலும் அது விளங்கிற்று. ஒரு காலத்தில் நடுக்கத்தைத் தந்த உருவம் அணிகலனாயிற்று. ஆயின் ஏறத்தாழ அக்காலத்திலேயே அமாசியா நகர் ஆயர் அஸ்தேரியஸ், செல்வர் தம் ஆடைகளில் நற்செய்திக் காட்சிகளைத் தைத்து அணிவதைக் கண்டித்தார். குணமடைந்த நோயாளியின் உருவை ஆடையிற் சுமப்பதை விடுத்து, உயிருள்ள நோயாளியை நாடிச் செல்லுதலே தக்கதென்பது அவர் அறிவுரையின் சாரம். அலங்காரம் பற்றிய குறைகூறல் அலங்காரத்தின் வயதையே உடையது போலும்!

பேரரசும் இதிற் தலையிட்டது. கி.பி. 427 இல் இரண்டாம் தியோடோசியஸ் காலத்துச் சட்டமொன்று, நிலத்திலே பதிக்கப்படும் கல்லிலும் சலவைக்கல்லிலும் சிலுவையைச் செதுக்குதலையும் தீட்டுதலையும் தடைசெய்து, ஏற்கனவே இருப்பவற்றை அகற்றவும் பணித்தது. 692 இல் நிகழ்ந்த துருல்லோ சங்கமும் அவ்விதியை வலியுறுத்திற்று. வெற்றியின் சின்னம் காலில் மிதிபடலாகாது என்பதே கருத்து. இச்சட்டம் நுணுகி நோக்கத்தக்கது. அது அலங்காரத்தைத் தடுக்கவில்லை, இடத்தையே வரையறுத்தது. சுவரில் இருப்பின் மதிப்பு. தரையில் இருப்பின் அவமதிப்பு. ஆகவே ஒரே உருவம், ஒரே கைவினை, ஒரே வீடு. மக்கள் அதனுடன் எவ்வாறு ஒழுகினர் என்பதே அதன் பொருளை நிர்ணயித்தது.

மறைத்தலும் காட்டுதலும்

இவ்வுண்மையை நம் நாட்டு வரலாறு வேறொரு கோணத்தில் உணர்த்துகின்றது. போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பின்னர் கத்தோலிக்கம் இங்கு அரச ஆதரவுடன் பரவிற்று. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தை வென்றதும் அவ்வாதரவு நீங்கியது மட்டுமன்றி, கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என அவ்வாண்டிலேயே கட்டளையும் பிறந்தது. இத்தகைய சூழலில் 1687 இல் கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகள், இரப்போர் கோலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளிலே திரிந்தார். செபமாலையைக் கழுத்திலே அணிந்து வீடுவீடாகச் சென்ற அவர், அதனைக் கண்டோர் முகக்குறிப்பினாற் கத்தோலிக்கரை இனங்கண்டார் என்று மரபு கூறும். பின்னர் சில்லாலை மக்கள் அவருக்குப் புகலிடம் அளித்தனர். அவர் 2015 சனவரியிற் கொழும்பிற் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அந்தச் செபமாலையை அலங்காரம் என்பார் எவரும் இலர். அது உயிரைப் பணயம் வைத்துக் கேட்கப்பட்ட வினா. கத்தோலிக்கர் மீதான சட்டத்தடைகள் பிரித்தானியர் ஆட்சியில் 1806 இல் நீக்கப்பட்டன. அதன் பின்னரே சமயச் சின்னம் அச்சமின்றிச் சுவரில் ஏறி, காலப்போக்கிற் பழகி, அழகும் ஆயிற்று. இங்கு ஒன்று தெளிவாகின்றது. அச்சத்தில் வாழ்வோன் தன் சின்னத்தை அலங்காரமாக்க இயலாது. அலங்காரம் என்பது பத்தியின் தேய்வு மட்டுமன்று. அஞ்சாது வாழும் உரிமையின் அறிகுறியும் ஆகும்.

அச்சுப்படமும் குருத்தோலையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்த வண்ண அச்சுக்கலை தெய்வ உருவங்களை எளியோர் இல்லங்களுக்கும் கொணர்ந்தது. இரவிவர்மா 1894 இற் பம்பாயில் நிறுவிய அச்சகத்திலிருந்து இலக்குமியும் சரசுவதியும் வீடுதோறும் புறப்பட்டனர். கத்தோலிக்கரிடையே திருவிருதயப் படத்தை இல்லத்தில் நிறுவும் வழக்கம், மத்தேயோ குறோலி என்னும் குருவானவரின் முயற்சியால் 1907 முதல் உலகெங்கும் பரவலாயிற்று. கலை விமர்சகர் இத்தகைய படங்களை மலிவானவை எனலாம். ஆனால் அப்படத்தின் பின்னே செருகப்பட்டிருக்கும் குருத்தோலைச் சிலுவையை அவர்கள் நோக்குவதில்லை. குருத்தோலை ஞாயிறன்று மந்திரிக்கப்பட்டு, ஓராண்டு சுவரிலே அழகாய் இருந்து உலர்ந்த அவ்வோலை, மறு ஆண்டு எரிக்கப்பட்டுச் சாம்பலாகித் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் ஏறும். அலங்காரமும் வழிபாடும் ஒரே பொருளின் இரு பருவங்கள் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

இறுதியாக ஒன்று கூறுதல் தகும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது எம் தாயாரின் குடும்பமும் அதனுட் சென்றது. அடுத்த ஆண்டு மீண்டபோது, முன்விறாந்தையில் இருந்த சரசுவதி படம் இல்லை. ஆணியும், படம் மறைத்திருந்த அளவுக்கு மங்காத ஒரு சதுரச் சுவருமே எஞ்சியிருந்தன. வீட்டைக் கூட்டி முடித்த அம்மம்மா, அன்று மாலை அந்த வெறுஞ்சதுரத்தின் முன்னேயே விளக்கேற்றினாராம்.

நாளை ஓர் ஆய்வாளன் அச்சுவரைக் காணின், ஓர் ஆணித்துளையை மட்டுமே குறித்துக்கொள்வான். ஹேர்க்குலேனியத்துச் சுவரிலிருந்தது சிலுவையோ சட்டமோ நாம் அறியோம். சுவர் சொல்லாததை அதன் முன் நின்ற மனிதரின் ஒழுக்கத்திலேயே தேடவேண்டும். 'வெறும் அலங்காரம்' என்று எழுதுமுன் வரலாற்று மாணவர் அவ்விளக்கை நினைத்தல் நன்று.