கதிர்வீச்சு முடிந்து ஆண்டுகள் கழித்துச் சலத்தில் இரத்தம்: ஏன், என்ன செய்வது?

கொட்டாஞ்சேனையிலிருந்து மஹரகமவுக்கு 112ஆம் இலக்க பஸ் ஓடுகிறது. அபேக்ஷா வைத்தியசாலையில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற பலருக்கு அது பழகிய பாதை. கர்ப்பப்பைக் கழுத்து, புரோஸ்டேட், மலக்குடல் போன்ற இடுப்புப் பகுதிப் புற்றுநோய்களுக்கு வாரக்கணக்கில் கதிர் பெற்றுத் தேறியவர்கள் அந்த நாட்களை மறக்கவே விரும்புவார்கள். ஆனால், அதன் விளைவு சிறுநீர்ப்பையில் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம்.

சிகிச்சைக் காலத்தில் வரும் சலக்கடுப்பும் அடிக்கடி சலம் போவதும் வேறு. அவை பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். பின்னாளில் வருவதுதான் சிக்கலானது. ஆறு மாதத்தில் தொடங்கலாம், பத்து ஆண்டுகள் கழித்தும் தொடங்கலாம். கதிர்வீச்சு சிறுநீர்ப்பைச் சுவரிலுள்ள சிறு இரத்தக் குழாய்களின் உட்படலத்தைச் சேதப்படுத்துகிறது. நாளடைவில் உட்சுவர் தடித்து, குழாய் ஒடுங்கி, தசைக்கு ஒட்சிசன் குறைகிறது. சுவர் தழும்பேறி விறைப்பதால் பை சுருங்கி, கொள்ளளவும் குறைகிறது. மேற்பரப்பில் விரிந்து கிடக்கும் மெல்லிய, பலவீனமான குழாய்கள் இலேசில் வெடித்துக் கசிகின்றன. சலம் சிவப்பது இதனால்தான்.

சலத்தில் இரத்தம் கண்டதும் பலர் 'கிருமித் தொற்று' என்று தாங்களே முடிவுகட்டி, பக்கத்துப் பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக்கொள்கிறார்கள். வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக பாமசிகள் இருப்பது இந்த விஷயத்தில் வசதி அல்ல. தொற்றாகவும் இருக்கலாம்தான், அதைச் சலப் பரிசோதனை சொல்லும். புற்றுநோய் திரும்பியதா, சிறுநீர்ப்பையிலேயே புதிதாக ஒன்று தோன்றியதா என்பதையும் கெமராக் குழாய் விட்டுப் பார்க்காமல் ஒதுக்கிவிட முடியாது.

பழைய கதிர்வீச்சைப் பற்றிப் புதிய வைத்தியரிடம் சொல்லாமல் விடுவது இதைவிடப் பெரிய தவறு. கதிர்பட்ட திசு மெதுவாகவே ஆறும். அதிலிருந்து தேவையின்றிச் சதைத் துண்டு எடுத்தால் புண் ஆறாமல் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. எனவே, பத்து வருடப் பழசானாலும் டயக்னோசிஸ் கார்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.

இரத்தக் கட்டிகள் அடைத்துச் சலம் போகாமல் நின்றால் அது அவசர நிலை. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குழாய் போட்டுப் பையைக் கழுவுவார்கள், கசியும் இடங்களைச் சுட்டு அடைப்பார்கள். மீண்டும் மீண்டும் கசிபவர்களுக்கு உயர் அமுக்க ஒட்சிசன் சிகிச்சை ஒரு வழி. மூடிய அறையில், சாதாரண வளியமுக்கத்தின் ஏறத்தாழ இரண்டரை மடங்கில், தூய ஒட்சிசனைச் சுவாசிக்க வேண்டும். ஐரோப்பாவின் நோர்டிக் நாடுகளில் ஐந்து வைத்தியசாலைகள் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், 30 முதல் 40 அமர்வுகள் பெற்றவர்களின் உபாதை வழமையான கவனிப்புப் பெற்றவர்களைவிட நன்றாகவே குறைந்தது. நாளாந்தம் ஒன்றரை மணிநேரம், பல வாரங்கள் போய்வர வேண்டிய சிகிச்சை அது. தினக்கூலிக் குடும்பங்களுக்கு அதற்கான போக்குவரத்தே ஒரு செலவு.