வாப்பாவின் கணனியும் ஊர்ப் பெயர்களும்

ஊர் வரலாறு எழுதப் புகுகின்றவர்கள் காணி உறுதி, கடுத்தப் பதிவு, பள்ளிவாசல் கணக்கேடு என்று தேடிப் போவார்கள். நிலாவெளியில் நான் தேடிப் போனது ஒரு பழைய கணனிக்குள்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து பாதைகள் திறந்தபோது, வாப்பா திருகோணமலை நகரிலிருந்து பாவித்த கணனியொன்றை வாங்கி வந்தார். வின்டோஸ் 98. அவரும் ஆசிரியர்தான். ஊரின் மூத்தவர்களிடம் கேட்டு ஏழெட்டுக் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார்: கரைவலைக் கூட்டுகள், இடம்பெயர்ந்து போன குடும்பங்கள், எந்தப் பிள்ளைக்கு எந்த மருத்துவிச்சி பிள்ளைப்பேறு பார்த்தாள் என்பது வரை. அவற்றை இரவிரவாகத் தட்டச்சு செய்தார். 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்து கொப்பிகளைக் கொண்டு போனது. கணனி அன்று நகரத்தில் திருத்தக் கொடுத்திருந்தபடியால் தப்பியது.

2011இல் வாப்பா வபாத்தானார். கணனி பழைய சீலையால் மூடப்பட்டு மூலையில் கிடந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான் அதைத் திறந்து பார்க்க எனக்கு நேரமும் வெட்கமும் வந்தன.

திறந்தால், கடற்கரை வீட்டுப் பொருளுக்குரிய துரு. மின்வழங்கிப் பெட்டிக்குள் கொள்ளளவிகள் சில உச்சி வீங்கிக் கிடந்தன. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் உலகெங்கும் தரம் கெட்ட கொள்ளளவிகள் ஏராளமான கணனிகளுக்குள் போயின. எங்களுடையது அந்த இனமா, உப்புக்காற்று தின்றதா என்று பிரித்துச் சொல்லும் அறிவு எனக்கில்லை. இன்னொரு பழைய கணனியின் மின்வழங்கியைக் கழற்றி மாட்டினேன். நாணயம் போன்ற சிறு மின்கலமும் செத்திருந்தது. அது செத்தால் கணனிக்கு நாள் மறந்துவிடும். திரையில் 1980 ஜனவரி 1 என்று நின்றது. அந்தக் காலக் கோப்பு முறை நாட்களை எண்ணத் தொடங்குவதே அந்த நாளிலிருந்துதான். இதனால் ஒரு வேடிக்கை: கடல் வந்த கதையை வாப்பா எழுதிய கோப்பில் 1980 என்ற திகதி இருக்கிறது. பட்டயத்தின் ஆண்டைச் சந்தேகிக்கப் பழகியவர்கள் கணனியின் ஆண்டையும் சந்தேகிக்க வேண்டும்.

வட்டிலிருந்து விசித்திரமான ஒரு சத்தம் வந்தது. அதனால் அதைக் கழற்றி, அதில் ஒன்றும் எழுதாமல், முழு வட்டையும் அப்படியே ஒரு படிமமாக மடிகணனிக்கு எடுத்தேன். வேலை எல்லாம் அந்தப் படிமத்தின் பிரதியில்தான். பிளொப்பிகள் பதினொன்றில் நான்குதான் வாசித்தன. மற்றவற்றில் பூஞ்சணம்.

கோப்புகளைப் புதிய கணனியில் திறந்தபோது தமிழ் இல்லை. வரி வரியாக அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகள். வாப்பா எழுதியது பாமினி எழுத்துருவில். அந்த ஆண்டுகளில் இலங்கையில் தமிழ் தட்டியவர்களில் பலர் அதைத்தான் பாவித்தார்கள்; அதன் விசை ஒழுங்கு பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியைப் பின்பற்றியது என்பதால் தட்டச்சுப் பழகிய வாப்பாவுக்கு அது புதிதாக இருக்கவில்லை. ஆனால் கணனியின் நினைவில் பதிவது தமிழெழுத்து அல்ல. 'தமிழ்' என்று தட்டினால் உள்ளே ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டும். ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தும், 1999இல் சென்னை மாநாட்டில் பொதுக் குறியீடுகள் பேசப்பட்டும், எங்கள் ஊர்ப்பக்கக் கணனிகளில் பாமினியே இருந்தது.

மாற்றித் தரும் நிரல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. நான் செய்த தவறு அதற்கு முன்னர் நடந்தது. கோப்புகளுக்கிடையே அடைப்புக்குறிகளும் கீற்றுகளும் சிதறிக் கிடந்தன. குப்பை என்று எண்ணி ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் அகற்றிவிட்டு மாற்றினேன். அழகாகத் தமிழ் வந்தது. இரண்டு நாள் சந்தோசமாக வாசித்தேன். மருத்துவிச்சிகள் பட்டியலுக்கு வந்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது.

பாமினியில் 'ஜ' இருப்பது இடப்பக்கச் சதுர அடைப்புக்குறியில், 'ஸ' வலப்பக்க அடைப்புக்குறியில், 'ஹ' விசைப்பலகையின் மூலையிலுள்ள சாய்ந்த கீற்றில். நான் கூட்டிப் பெருக்கியது இந்த எழுத்துகளைத்தான். எடுத்துக்காட்டாக, ஸலீமா என்பதும் ஹலீமா என்பதும் ஒரே 'லீமா' ஆகிவிடும். ஜமீலா 'மீலா' ஆவாள். வேறு ஊரவர் கோப்பென்றால் அங்குமிங்கும் ஒரு சொல் கெட்டிருக்கும். எங்களுடையதில் மனிதர்களே கலந்து போனார்கள். மூலப் படிமத்தைத் தொடாமல் வைத்திருந்ததால் திரும்பத் தொடங்க முடிந்தது.

பெரிய நாடுகளும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. 1086இன் ஆங்கிலேய நிலக்கணக்கேட்டுக்கு 900 ஆண்டு நிறைந்ததையொட்டி, 1986இல் பிபிசி பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து நாட்டு விவரங்களை லேசர் வட்டுகளில் பதித்தது. பதினைந்து ஆண்டுகளில் அவற்றை வாசிக்கும் கருவிகளே அரிதாகிவிட்டன. 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பழைய கணனியைப் போல நடிக்கும் நிரல் ஒன்றை எழுதித்தான் அதைத் திறந்து காட்டினார்கள். தோலில் எழுதிய பழைய ஏடோ இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது.

எனக்கு நடிக்கும் நிரல் எழுதத் தெரியாது. அதனால் வாப்பாவின் கணனியையே ஓடவைத்திருக்கிறேன். மாற்றிய ஒவ்வொரு பக்கத்தையும் அதன் திரையில் அவர் கண்ட பக்கத்தோடு ஒப்பிட்டேன். பாடசாலை முடிந்து வந்து ஒரு மணித்தியாலம், மின்விசிறி இரைய இரைய, பெயர் பெயராக.

ஒரு பெயர் மட்டும் பழைய திரையிலும் முதலெழுத்து இல்லாததுபோல் நின்றது. வாப்பாவின் தட்டுப் பிழை என்று நினைத்து, எழுத்தைச் சேர்க்கலாமா என்று தொண்ணூறை நெருங்கும் பெரியம்மாவிடம் கேட்டேன்.

"அவட பேரே அதான் மனே," என்றார். "திருத்திப் போடாத."