இன்னொரு குடிநோயாளி தேவைப்பட்டார்: ஏஏ பிறந்த கதை

1935 மே 11, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், டயர் தொழிலுக்குப் பேர்போன ஆக்ரான் நகரம். மேஃபிளவர் ஹோட்டலின் முகப்புக் கூடத்தில் பில் வில்சன் தவிப்போடு நடந்துகொண்டிருந்தார். நியூயார்க் பங்குச் சந்தையில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்து, குடியால் எல்லாவற்றையும் தொலைத்தவர். ஒரு நிறுவனத்தைக் கைப்பற்றும் முயற்சிக்காக வந்திருந்தார், அதுவும் தோற்றுவிட்டது. கையில் பத்து டாலர் இருந்தாலே அதிகம். கூடத்தின் ஒரு கோடியில் மதுக்கூடம், அங்கிருந்து சிரிப்புச் சத்தம். மறுகோடியில் தொலைபேசி, அதன் பக்கத்தில் ஊர்த் தேவாலயங்களின் பட்டியல்.

அவர் குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் டாக்டர் சில்க்வொர்த் அவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: குடி வெறும் ஒழுக்கக்கேடு அல்ல, நோய். முதல் மிடறு உள்ளே போனால் உடம்பு நிறுத்த விடாது. நிறுத்தினாலும் மனசு அந்த முதல் மிடறைத் தேடிப் போகும். ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் வழியாக மனமாற்றம் கண்ட பில், வெளியே வந்ததும் குடிப்பவர்களைத் தேடித் தேடிப் போதித்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆனால் அந்த ஐந்து மாதமும் பில் குடிக்கவில்லை. அதைச் சுட்டிக்காட்டியவர் அவர் மனைவி லோயிஸ்.

கூடத்தில் நின்றபோது பில்லுக்கு அது உறைத்தது. தான் தப்பிக்க வேண்டுமானால் இன்னொரு குடிநோயாளியிடம் பேசியாக வேண்டும். பட்டியலில் இருந்த வால்டர் டங்க்ஸ் என்ற பாதிரியாரை அழைத்தார். அவர் கொடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்த்து, கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தார். குடியில் மூழ்கிக்கொண்டிருந்த டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை நிபுணருக்காகப் பிரார்த்தித்துக்கொண்டிருந்தவர் அவர்.

மறுநாள் அன்னையர் தினம். மாலை ஐந்து மணிக்கு ஹென்ரியட்டாவின் வீட்டுக்கு வந்த டாக்டர், கால் மணி நேரம்தான் இருப்பேன் என்ற நிபந்தனையோடு உட்கார்ந்தார். எழுந்தபோது இரவு பதினொன்று தாண்டியிருந்தது.

பில் அன்று புத்தி சொல்லவில்லை. எப்படிக் குடித்தேன், எப்படி விழுந்தேன், எப்படி ஒளித்தேன் என்று தன் கதையைச் சொன்னார். உன்னைத் திருத்த வரவில்லை, நான் பிழைக்கத்தான் வந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அதுவரை டாக்டர் கேட்ட அறிவுரையெல்லாம் கரையில் நிற்பவர்கள் சொன்னது. தன்னைப் போலவே மூழ்கி எழுந்த ஒருவர் பேசி அவர் கேட்டது அதுவே முதல்முறை.

அதோடு கதை முடிந்துவிடவில்லை. சில வாரங்களில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவர் மாநாட்டுக்குப் போன டாக்டர் பாப் மறுபடி குடித்தார். திரும்பியவரைப் பில்லும், டாக்டரின் மனைவி ஆனும் பார்த்துக்கொண்டார்கள். அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய நாளின் காலையில், கைநடுக்கம் அடங்க பில் ஒரு பீர் கொடுத்தார். அதுவே டாக்டரின் கடைசிக் குடி. வேலை முடிந்ததும் அவர் நேரே வீட்டுக்கு வராமல், தன் குடியால் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். ஜூன் 10 என்று குறிக்கப்படும் அந்த நாளையே, குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

அந்த மாதமே இருவரும் ஆக்ரான் நகர மருத்துவமனையில் கிடந்த ஒரு வழக்கறிஞரின் கட்டிலருகே உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். அவர் மூன்றாமவர் ஆனார். 1939இல் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற புத்தகம் வந்தது. குடியிலிருந்து மீள ஏஏ பின்பற்றும் பன்னிரண்டு படிகள் அதில்தான் வெளியாயின. இயக்கத்துக்குப் பெயரும் அதிலிருந்தே வந்தது. பண உதவி கேட்டுப் பெருஞ்செல்வந்தர் ராக்ஃபெல்லரிடம் போனபோது, பணம் இதைக் கெடுத்துவிடும் என்று அவர் சிறிய தொகையோடு நிறுத்திக்கொண்டார். வெளியார் பணம் வாங்குவதில்லை என்பது பின்னாளில் ஏஏவின் மரபே ஆயிற்று.

ஹென்ரியட்டாவின் வீட்டில் நடந்ததுதான் இன்றும் எந்த ஏஏ கூட்டத்திலும் நடக்கிறது. சென்னையிலும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் தமிழிலேயே கூட்டங்கள் உண்டு. கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் போதும். ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் பேசுவதில்லை. 'திறந்த கூட்டம்' என்றால் குடும்பத்தாரும் போகலாம். 'மூடிய கூட்டம்' குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951இல் உருவானது. ஒன்று மட்டும் கவனம்: நெடுங்காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். அவருக்கு முதலில் மருத்துவர், கூடவே கூட்டம்.

முதல் கூட்டம் ஒத்துவரவில்லை என்றால் வேறு கூட்டத்துக்குப் போங்கள். புதிதாக வருபவர், அடுத்தவர்களுக்குப் பாரமாக வந்து உட்கார்ந்திருக்கிறோமே என்று கூச வேண்டாம். பல வருடமாகக் குடிக்காமல் இருப்பவருக்கும் தன் கதையைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். பில்லைக் குடிக்காமல் காப்பாற்றியது, நடுங்கும் கைகளோடு எதிரே உட்கார்ந்து கேட்ட டாக்டர் பாப்தான். நீங்கள் போய் உட்காரும் நாற்காலி அங்கே இன்னொருவருக்கு மருந்து.