சன்னிபுறூக்: படைவீரர் மருத்துவமனையும் நிர்வாக மாற்றங்களும்

சன்னிபுறூக் முன்னாள் படைவீரர் நிலையம் ரொறன்ரோவின் பேவியூ அவெனியூவில் இருக்கிறது. முன்னாள் படைவீரருக்கான நீண்டகாலப் பராமரிப்பு நிலையங்களில் கனடாவிலேயே பெரியது இதுதான். ஸ்காபரோத் தமிழருக்குச் சன்னிபுறூக் என்றதும் விபத்துப் பிரிவும் புற்றுநோய்ப் பிரிவுமே நினைவுக்கு வரும். முழு மருத்துவமனையையுமே மத்திய அரசு படைவீரருக்கென்று கட்டியது என்பது பலருக்குப் புதுச் செய்தி.

இதற்கு முன்னோடி கிறிஸ்டி தெரு மருத்துவமனை. முதல் உலகப்போரில் கைகால் இழந்து திரும்பியவர்களுக்காக 1919இல் திறந்தார்கள். புதுக் கட்டடம் எழுப்பவில்லை. கடைகளுக்குக் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்துகொண்டிருந்த தொழிற்சாலையையே வார்டுகளாக்கினார்கள். பக்கத்திலேயே ரயில்பாதை. இன்சுலின் வரலாற்றிலும் இந்தப் பழைய தொழிற்சாலைக்கு இடமுண்டு. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பான்ரிங் 1922இல் இங்கே படைவீரருக்கான நீரிழிவுச் சிகிச்சைக்கூடத்தைத் தொடங்கினார். அவருடன் படித்த டாக்டர் ஜோ கில்கிறிஸ்ட் தாமும் நீரிழிவு நோயாளி என்பதால், புது மருந்தைத் தம் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தார்.

இரண்டாம் உலகப்போரில் காயம்பட்டவர்களும் வந்து சேர்ந்தபோது கிறிஸ்டி தெருவில் இடம் போதவில்லை. புகையும் ரயில் இரைச்சலும் பத்திரிகைகள்வரை போயின. அலிஸ் கில்கோர் என்ற செல்வந்தப் பெண்மணி, கணவர் ஜோசப்பின் நினைவாக 1928இல் பூங்காவுக்கென்று நகருக்குக் கொடுத்த பண்ணை நிலத்தில் ஒரு பகுதியில் புது மருத்துவமனை எழுந்தது. 1948இல் பிரதமர் மக்கென்சி கிங் திறந்துவைத்தார்.

1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டப்படி மருத்துவமனை மாகாணத்தின் பொறுப்பு. ஆனால் படைவீரர் மருத்துவமனைகளை மத்திய அரசு தன் கையில் வைத்திருந்தது. 1944இல் அமைந்த படைவீரர் விவகாரத் திணைக்களம் அவற்றைப் பார்த்துக்கொண்டது. 1959இல் ஒன்ராறியோ பொது மருத்துவமனைக் காப்புறுதியில் சேர்ந்ததும் இந்த ஏற்பாட்டின் அடிப்படையே ஆட்டங்கண்டது. எந்த மருத்துவமனையிலும் பொதுக் காப்புறுதியில் சிகிச்சை பெறலாம் என்றான பிறகு, படைவீரருக்குத் தனியாக எதற்கு? அரசு நிர்வாகத்தை ஆராய்ந்த கிளாஸ்கோ ஆணைக்குழுவும் இந்த மருத்துவமனைகளைக் கைமாற்றச் சொன்னது. 1966இல் சன்னிபுறூக் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு விற்கப்பட்டது. விலை 1 டொலர். பத்தே ஆண்டுகளில், 1976இல், கனடாவின் முதல் பிராந்திய விபத்துச் சிகிச்சைப் பிரிவு அங்கே தொடங்கியது.

இந்தக் கைமாற்றம் மெல்லத்தான் நடந்தது. மத்திய அரசிடம் கடைசியாக எஞ்சிய படைவீரர் மருத்துவமனையான செயின்ற் ஆன், 2016 ஏப்ரல் 1 அன்றுதான் கியூபெக் மாகாணத்திடம் போனது. சன்னிபுறூக்கில் இன்றும் ஒரே கட்டிலுக்கு இரண்டு அரசுகள்: படுக்கைக்குத் தகுதி உண்டா என்று தீர்மானிப்பதும் பராமரிப்புச் செலவில் பங்கு தருவதும் மத்திய அரசு, மருத்துவமனையைக் கண்காணிப்பது மாகாணம். மாகாணமோ தன் பங்குக்கு 14 உள்ளூர்ச் சுகாதார வலையமைப்புகளை உண்டாக்கி, பிறகு அவற்றைக் கலைத்து 'ஒன்ராறியோ ஹெல்த்' என்ற ஒரே அமைப்பாக்கியது. கட்டிலில் கிடப்பவர் இதையெல்லாம் அறிந்திருக்க மாட்டார்.

படைவீரர் விவகாரத் திணைக்களமும் இடம் மாறியது. அதன் தலைமையகத்தை பிரின்ஸ் எட்வர்ட் தீவின் சார்லட்டவுனுக்குக் கொண்டுபோகும் முடிவு 1976இல் வந்தது; அங்குள்ள கட்டடத்துக்கு, போரில் ஒரு கையும் ஒரு காலும் இழந்த அமைச்சர் டானியல் மக்டொனால்டின் பெயர். 2014இல் 9 பிராந்திய அலுவலகங்கள் மூடப்பட்டன. ஒன்ராறியோவில் வின்ட்சர், தண்டர் பே இரண்டும் போயின. எதிர்ப்புத் தெரிவிக்க ஒட்டாவா சென்ற முதியவர்களை அமைச்சர் ஜூலியன் பன்ரினோ, முன்பு ரொறன்ரோவின் பொலிஸ் தலைவராக இருந்தவர், தாமதமாக வந்து சந்தித்தது பெரிய செய்தியானது. ஆட்சி மாறியதும் அலுவலகங்கள் மீண்டும் திறக்கப்பட்டன.

இந்தியாவில் முன்னாள் படைவீரருக்கென்று 2003இல் வந்த இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் வேறு வழியில் போனது: பிராந்திய மையங்களின்கீழ் சொந்தப் பாலிகிளினிக்குகள், பெரிய சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனைகள்.

சன்னிபுறூக்கில் மத்திய அரசின் ஒப்பந்தப்படி உள்ள படுக்கைகள் அடிப்படையில் இரண்டாம் உலகப்போர், கொரியப் போர் வீரருக்கானவை. 1945இல் 18 வயதாயிருந்தவருக்கு 2025இல் வயது 98. ஆப்கானிஸ்தான் போய்வந்தவர் முதுமையில் பெரும்பாலும் மாகாணத்தின் பொதுப் பராமரிப்பு இல்லங்களில்தான் இடம் தேட வேண்டியிருக்கும்.