வீட்டு வாசல் ரோடு யாருக்குச் சொந்தம்?



ஆடி மாசம் நெருங்குது. கோயில் வாட்ஸ்அப் குரூப்புல பூசையைப் பத்தின பேச்சைவிட கார் நிறுத்துற பிரச்சினைதான் அதிகமா ஓடுது. இந்தச் சண்டை எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சா பாதி கோபம் குறையும். அதனால கொஞ்சம் பழைய கதை.

தோட்டத்துல லயத்து வீட்டு வாசல்ல நின்னது சைக்கிள். கிராணி வீட்டுல மோட்டார் இருக்கும். காருன்னா துரை பங்களாவுலதான். 1970களில் நாட்டுல தொழிற்சாலைகள் பெருகுச்சு. 1972ல பினாங்கு பாயான் லெப்பாஸ்ல சுதந்திர வர்த்தக மண்டலம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைங்க வேலை தேடி பட்டணத்துக்கு வந்தாங்க. பல தோட்டங்களே பின்னாடி வீடமைப்புப் பகுதியா மாறிடுச்சு.

அந்தக் காலத்துத் தாமான் வீடுகளைப் பாருங்க. பெரும்பாலும் 20 அடி, இல்லன்னா 22 அடி அகலம். முன்னால ஒரு கார் நிறுத்த இடம். வேலைக்கு ஃபேக்டரி பஸ், கடைக்குப் போக கப்சாய். அன்றைய குடும்பத்துக்கு அது தாராளம்.

1985 ஜூலையில புரோட்டோன் சாகா வந்தது. 1994ல பெரோடுவா கஞ்சில், 2005ல மைவி. சம்பளக்காரனும் கார் வாங்கலாம்னு ஆச்சு. கடனும் ஒன்பது வருஷம் வரைக்கும் கிடைச்சது. பஸ் வசதி இல்லாத இடத்துல பிள்ளைங்க வேலைக்குப் போகணும்னா ஆளுக்கு ஒரு கார் வேணும். வீட்டுல கார் கூடிக்கிட்டே போச்சு. வாசல் மட்டும் அதே 20 அடி.

கணக்குப் போட்டுப் பாருங்க. கேட்டுக்குப் பத்து அடி விட்டா மீதி பத்து அடி. மைவி நீளமே 12 அடிக்கு மேல. ரெண்டாவது காரை ரோட்டுல வச்சா ஒண்ணு நம்ம கேட்டை மறைக்கும், இல்லன்னா பக்கத்து வீட்டுக் கேட்டைத் தொடும். பக்கத்து வீட்டுக்காரர் கெட்டவர்னு சொல்ல முடியாது. இடமே அவ்வளவுதான்.

சில பேரு பூந்தொட்டி, நாற்காலி, பழைய டயர் வச்சு இடம் பிடிக்கிறாங்க. தாமான் ரோடு பொது இடம். நம்ம வீட்டுப் பட்டாவுல அது சேராது. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 46ஆவது பிரிவின்படி ரோட்டுல தடை வைக்கிறது குற்றம். நகராண்மைக் கழகம் அபராதம் போடலாம், பொருளையும் தூக்கிட்டுப் போகலாம்.

இப்போ நம்ம கோயிலுக்கு வருவோம். ஒரு வீட்டுக்கு ரெண்டு காருக்கே திணறுற தாமான்ல, விசேஷ நாள்ல நாம அத்தனை காரையும் கொண்டு வந்து நிறுத்துறோம். சுத்தி மலாய்க்காரர், சீனர் வீடுகள் இருக்கு. அவங்க வீட்டுல ஒருத்தருக்கு நெஞ்சுவலி வந்து ஆம்புலன்ஸ் உள்ளே நுழைய முடியலன்னா என்ன பதில் சொல்வோம்? புகார் கார்க்காரர் பேருல போகாது, கோயில் பேருலதான் போகும்.

அதனால ஒரு வேண்டுகோள். ஒரு குடும்பம் ஒரே கார்ல வாங்க. பெரியவங்களைக் கோயில் வாசல்ல இறக்கிவிட்டு, காரைத் தள்ளி நிறுத்திட்டு நடந்து வாங்க. போன் நம்பரைக் கண்ணாடியில வைங்க. எந்த வீட்டுக் கேட்டையும் மறைக்காதீங்க. அம்பாளைப் பார்க்க அஞ்சு நிமிஷம் நடந்து வர்றதும் ஒரு வழிபாடுதான்.

ஓம் சக்தி 🙏