கார் லேசா இடிச்சாலும் குழந்தை சீட்டை மாத்தணுமா? பட்டறையில் சொல்லாத விவரங்கள்

கடலூர்:

கடலூர்-சிதம்பரம் சாலையில் கார் லேசாக இடிபட்டால் நம்ம ஆட்கள் முதலில் பார்ப்பது பம்பரைத்தான். அடுத்து லைட், கதவு, பெயிண்ட். பின் சீட்டில் கட்டியிருக்கும் குழந்தை சீட்டை யாரும் திரும்பிக்கூட பார்ப்பதில்லை. அதுக்கும் அடிபட்டிருக்குமா, மாத்தணுமா, அப்படியே வெச்சுக்கலாமா என்ற கேள்வி பல வீடுகளில் வருவதே இல்லை.

எனக்குத் தெரிந்த பரங்கிப்பேட்டை குடும்பம் ஒன்றுக்கு நடந்தது இது. கடலூரில் டாக்டரை பார்த்துவிட்டு 2 வயது குழந்தையுடன் காரில் திரும்பியபோது, பூண்டியாங்குப்பம் அருகே மினி லாரி ஒன்று பின்னால் வந்து இடித்தது. பம்பர் உடைந்து, டிக்கி கதவு நசுங்கியது. யாருக்கும் காயம் இல்லை. குழந்தை தூக்கத்திலிருந்து எழுந்து கொஞ்ச நேரம் அழுததோடு சரி. காரை ஓட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள். டிங்கரிங் பட்டறையில் 3 நாளில் வேலை முடிந்து கார் புதுசு போல வந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து பாட்டி சீட் கவரை துவைக்க கழற்றியபோதுதான் தெரிந்தது, உள்ளே தலை வைக்கும் இடத்தில் இருந்த தெர்மாகோல் இரண்டாக விரிசல் விட்டிருந்தது. அந்த ஒரு வாரமும் குழந்தை அதில்தான் உட்கார்ந்து போயிருக்கிறது. பட்டறையில் கேட்டதற்கு, "அது கார் பார்ட் இல்லீங்க, நாங்க பார்க்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பு இல்லை.

அமெரிக்காவில் 5 நிபந்தனை

இந்த விஷயத்தில் தெளிவாக சொல்லியிருப்பது அமெரிக்க அரசின் நெடுஞ்சாலை போக்குவரத்து பாதுகாப்பு நிர்வாகம். பெரிய விபத்து, நடுத்தர விபத்து என்றால் சீட்டை கண்டிப்பாக மாற்ற வேண்டும் என்கிறது. சின்ன விபத்து என்றால் கட்டாயம் இல்லை. ஆனால் எது சின்ன விபத்து என்பதற்கு 5 நிபந்தனை வைத்திருக்கிறது. விபத்து நடந்த இடத்திலிருந்து காரை ஓட்டிச் செல்ல முடிந்திருக்க வேண்டும். குழந்தை சீட்டுக்கு பக்கத்தில் உள்ள கதவில் சேதம் இருக்கக்கூடாது. காரில் இருந்த ஒருவருக்கும் காயம் கூடாது. ஏர்பேக் விரிந்திருக்கக்கூடாது. சீட்டில் கண்ணுக்கு தெரிகிற சேதம் எதுவும் இருக்கக்கூடாது.

இந்த ஐந்தும் சேர்ந்து இருந்தால்தான் சின்ன விபத்து. நாலு சரி, ஒன்று இல்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். பரங்கிப்பேட்டை காரில் முதல் நான்கும் சரியாக இருந்தது, ஐந்தாவது இல்லை. கவரை கழற்றாமல் பார்த்திருந்தால் ஐந்தும் சரி என்றே தோன்றியிருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. சீட் தயாரித்த கம்பெனியின் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் முதலில். சில கம்பெனிகள் எந்த இடியாக இருந்தாலும் மாற்று என்கின்றன. குழந்தை உட்காராமல் சீட் காலியாக இருந்தாலும் மாற்றச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. வியாபாரத்துக்காக சொல்கிறார்கள் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். கொஞ்சம் அதுவும் இருக்கும்தான். ஆனாலும் அந்த சீட்டை செய்தவர்கள் சொல்வதை தாண்டிப் போக நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

மொட்டை மாடி கணக்கு

லேசான இடி என்று நாம் சொல்வது உண்மையில் லேசானது இல்லை. 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதி நின்றால், அது சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு சமம். அதாவது ஒரு மாடி இல்லாத வீட்டின் மொட்டை மாடியிலிருந்து கீழே விழுவது மாதிரி. 50 கிலோமீட்டர் என்றால் சுமார் 10 மீட்டர், மூணு மாடி உயரம். இந்த வேகத்தில் மடியில் இருக்கும் குழந்தையை எந்த தாயாலும் பிடித்து வைக்க முடியாது.

அந்த வேகத்தை சீட்டின் பெல்ட்டும், பிளாஸ்டிக்கும், தெர்மாகோலும்தான் வாங்கிக்கொள்கின்றன. பெல்ட் இழுபடும், தெர்மாகோல் நசுங்கும். ஒரு தடவை நசுங்கினது மறுபடி எழும்பாது. பைக் ஹெல்மெட்டும் இப்படித்தான். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மேலே கீறல்தானே என்று தொடர்ந்து போடுவது வீண். அமெரிக்க கணக்குப்படி, சரியான சீட்டில் இருந்தால் விபத்தில் சாகும் ஆபத்து கைக்குழந்தைக்கு 71 சதவீதமும், தவழ்ந்து நடக்கும் வயது குழந்தைக்கு 54 சதவீதமும் குறைகிறது. இது நல்ல நிலையில் உள்ள சீட்டுக்குத்தான்.

எப்படி பார்ப்பது?

சீட்டை காரிலிருந்து வெளியே எடுத்து, கவர், மெத்தை எல்லாவற்றையும் கழற்றி வெயில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் வளைந்த இடத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது விரிசலுக்கு முந்தின அறிகுறி. பெல்ட் ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா, தேய்ந்து பளபளப்பாகி இருக்கிறதா, பக்கிள் "டக்" என்று பூட்டுகிறதா என்று பாருங்கள். சில்வர் பீச் போய் வந்த குடும்பம் என்றால் பக்கிளுக்குள் மணல் இருக்கும். அதை புத்தகத்தில் சொன்னபடி சுத்தம் செய்ய வேண்டும். எண்ணெய் விடக்கூடாது.

காரின் சீட் பெல்ட்டையும் விட்டுவிடாதீர்கள். சில கார்களில் மோதும்போது பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவி உண்டு. ஒரு தடவை வேலை செய்துவிட்டால் அதையும் மாற்ற வேண்டும். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் சர்வீஸ் சென்டரில் காட்டாமல் ஓட்டக்கூடாது. ஐசோபிக்ஸ் கொக்கியில் மாட்டுகிற சீட் என்றால் அந்த கம்பி வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

சிதம்பரம் மேலவீதியில் ஆட்டோ கண்ணாடியை உரசிக்கொண்டு போனது, நிறுத்தி வைத்த காரில் சைக்கிள் சாய்ந்தது, இதற்கெல்லாம் சீட்டை மாற்றச் சொல்லவில்லை. உரசல் வேறு, மோதல் வேறு.

சீட்டுக்கு முன்னால் குழந்தை. இடிக்குப் பிறகு குழந்தை வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாக தூங்கி வழிந்தாலோ, கழுத்தை திருப்ப அழுதாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். அவசரத்துக்கு 108. காயம் என்று டாக்டர் சொன்னால் அது சின்ன விபத்து இல்லை, சீட்டையும் மாற்றியாக வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த சீட்

கடலூருக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2015 நவம்பர் மழையிலும், பெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பர் தொடக்கத்தில் வந்த தென்பெண்ணை வெள்ளத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறக்க முடியாது. அப்படி கார் மூழ்கி, குழந்தை சீட்டும் சேற்றுத் தண்ணீரில் ஊறியிருந்தால் காயவைத்து பயன்படுத்துவது நல்லதில்லை. பக்கிளுக்குள் வண்டல் தங்கும், உள் இரும்பு துருப்பிடிக்கும், மெத்தையில் பூஞ்சை வரும். இடி படாத சீட்தானே என்று ஏமாறக்கூடாது.

வெளிநாட்டு சீட்

சிங்கப்பூரில் 1.35 மீட்டர் உயரத்துக்கு குறைவான குழந்தைக்கு காரில் தனி சீட் கட்டாயம். அதனால் அங்கே வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வரும்போது பழைய சீட்டை கொண்டுவந்து சொந்தக்காரர்களுக்கு கொடுப்பது உண்டு. வாங்குவதில் தப்பில்லை. ஆனால் விபத்தில் பட்டதா என்று மாமா, சித்தப்பா என்று கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும். அடியில் தயாரித்த தேதி இருக்கும். பொதுவாக 6 முதல் 10 ஆண்டுதான் ஆயுள். யாரென்றே தெரியாதவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்குவதை விட்டுவிடலாம்.

நம் நாட்டில் 2019 செப்டம்பர் 1 முதல் அமலில் உள்ள மோட்டார் வாகன சட்டப் பிரிவு 194பி-யின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டோ, குழந்தைக்கான சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். இந்தியத் தரத்துக்கு ஏஐஎஸ் 072 என்றும், ஐரோப்பிய தரத்துக்கு ஆர் 44 அல்லது ஆர் 129 என்றும் ஸ்டிக்கர் இருக்கும். எதுவுமே இல்லாத துணி சீட்டுகளும் விற்பனைக்கு வருகின்றன, உஷார். பைக்கில் போகும் 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பெல்ட், ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி 15-ல் அமலுக்கு வந்தது.

இன்சூரன்சில் பணம் வருமா?

கார் பாலிசி என்பது காருக்கும், பாலிசியில் சேர்த்த உதிரி பொருட்களுக்கும்தான். குழந்தை சீட்டை தனியாக சேர்க்காவிட்டால் பணம் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. இருந்தாலும் சர்வேயர் வரும்போது சீட்டின் போட்டோ, வாங்கிய பில் இரண்டையும் காட்டி கேட்டுப் பார்க்கலாம். இடித்தவர் சமரசம் பேச வந்தால் சீட் விலையையும் சேர்த்தே பேசுங்கள். பம்பருக்கு மட்டும் பேசி அனுப்பிவிட்டு பிறகு தேடினால் ஆள் கிடைக்க மாட்டார்.

மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால் பழைய சீட்டை அப்படியே பழைய இரும்பு கடையில் போடக்கூடாது. அது துடைத்து வேறொரு குழந்தைக்கு விற்பனைக்கு வந்துவிடும். பெல்ட்டை கத்தரித்து, பிளாஸ்டிக்கில் "விபத்தில் அடிபட்டது" என்று மார்க்கரால் பெரிசாக எழுதி, கவரை தனியாக கழற்றிய பிறகு போடுங்கள். பரங்கிப்பேட்டை பாட்டி அரிவாள்மணையிலேயே பெல்ட்டை அறுத்துவிட்டாராம்.