மாலுமி முதல் பைலட் வரை

கறம்பக்குடியில் "பைலட்டக் கூப்பிடுங்க" என்று யாராவது சொன்னால் கேட்பவர் வானத்தைப் பார்க்கமாட்டார். 108 ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்றுதான் தேடுவார். அந்த வண்டியை ஓட்டுபவரின் பதவிப் பெயர் பைலட். 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்த 108 சேவை அந்தப் பெயரைக் கிராமத்துச் சாலைகள்வரை கொண்டுவந்துவிட்டது. வடக்கே தஞ்சாவூரில் இருக்கும் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 படைப்பிரிவு இருக்கிறது. அந்தப் போர்விமானத்தை ஓட்டுபவரும் பைலட்தான். அமைச்சர் வருகிறார் என்றால் முன்னால் பறக்கிற போலீஸ் ஜீப்புக்கும் பைலட் என்றே பெயர். புதுக்கோட்டை ஸ்டேஷனில் வந்து நிற்கும் ரயிலின் இன்ஜினில் லோகோ பைலட் உட்கார்ந்திருக்கிறார்.

இத்தனை பைலட்டுகளில் சுகோய்க்காரர் ஒருவரைத்தான் 'விமானி' என்று சொல்ல முடியும். பாடப்புத்தகத்தில் இரண்டும் ஒரே பொருள். புழக்கத்தில் அப்படி இல்லை.

பைலட் என்ற சொல்லின் வேர் தண்ணீரில் இருக்கிறது. கிரேக்க மொழியில் 'பேடோன்' என்றால் துடுப்பின் அலகு, பன்மையில் சுக்கான். சுக்கான் பிடிப்பவனுக்கு அதிலிருந்து பெயர் உண்டாகி, இத்தாலியில் 'பெடோட்டா', 'பிலோட்டா' என்று உருமாறி, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பலூன் ஓட்டியவர்களையும், 1907 வாக்கில் விமானம் ஓட்டியவர்களையும் அதே பெயரால் அழைத்தார்கள். துறைமுகங்களில் பழைய பொருள் இன்னும் மாறவில்லை. தூத்துக்குடிக்கு வெளியே வந்து நிற்கும் கப்பலில் ஏறி, அதை ஆழம் பார்த்து உள்ளே கொண்டுவந்து கட்டுபவர் பைலட். கப்பல் அவருடையது அல்ல. வழி அவருக்குத் தெரியும்.

தமிழில் இந்த வேலைக்குப் பெயர்ப் பஞ்சம் இருந்ததில்லை. சங்க இலக்கியத்தில் நீகான், பிறகு மீகாமன். தேருக்கு வலவன். வானத்தில் போகும் ஊர்தியைப் பற்றிப் பேசும்போதும் புறநானூற்றின் 27ஆம் பாட்டு வலவனைத்தான் நினைக்கிறது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளிக்குச் சொன்னது அது. புகழோடு வாழ்ந்தவர்களுக்குக் கிடைக்கும் வான ஊர்திக்கு ஓட்ட ஆள் வேண்டாம் என்கிறார். ஓட்டுநர் இல்லாமல் போவதே தெய்வத்தன்மை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இன்றைய பயணியிடம் சொன்னால் இறங்கி ஓடிவிடுவார்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது மாலுமி. பலரும் தூய தமிழ்ச்சொல் என்றே நினைக்கிறார்கள். அரபு மொழியின் 'முஅல்லிம்' அது. பொருள், கற்பிப்பவர். மதரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்கும் அதே பெயர்தான். இந்தியப் பெருங்கடலில் கப்பலுக்கு வழி சொன்னவரை முஅல்லிம் என்றார்கள். அயினி அக்பரியில் அபுல் ஃபசல் கப்பல் பணியாளர்களை வரிசைப்படுத்தும்போது, கடலின் ஆழமும் மேடும் அறிந்தவர், வானியல் தெரிந்தவர் என்று இவரைக் குறிக்கிறார். கப்பல் பொறுப்பாளரான நாகுதா வேறு ஆள். மலாய்க் கரையில் அது 'மாலிம்' ஆனது. இந்தோனேசியாவில் இன்றும் கப்பல் அதிகாரிக்கு 'முஆலிம்' என்றே பெயர். நம் கரையில் மரக்காயர்களின் வாயிலும் மற்றவர்களின் வாயிலும் புழங்கிப் புழங்கி மாலுமி ஆயிற்று. இப்போது கப்பலில் வேலை பார்க்கிற எவரையும் மாலுமி என்கிறோம். வாத்தியார் காணாமல் போய்விட்டார்.

போன வாத்தியார் வேறு இடத்தில் முளைத்தார். 1910இல் இங்கிலாந்தில், காற்றை எதிர்நோக்கித் தரையிலேயே சாய்ந்தாடும்படி ஒரு விமானத்தைக் கம்பத்தில் பொருத்தி, பறக்கக் கற்பவர்களை அதில் உட்காரவைத்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'சாண்டர்ஸ் டீச்சர்'. அதே காலத்தில் பிரான்சில் ஆன்ட்வானெட் கம்பெனியில் பீப்பாயை இரண்டாக அறுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலே மாணவரை உட்காரவைத்து, கீழே ஆட்கள் நின்று ஆட்டிவிட்டார்கள்.

உண்மையில் வாத்தியார் வேலையைப் பெட்டிக்கு மாற்றியவர் அமெரிக்காவின் பிங்ஹாம்டனைச் சேர்ந்த எட்வின் லிங்க். 1920இல் பணம் கட்டி முதல் பறப்புப் பாடத்துக்குப் போனார். சார்லி சாப்ளினின் அண்ணன் சிட்னி சாப்ளினின் விமானம் அது. ஓட்டியவர் குட்டிக்கரணம் அடித்துக் காட்டினாரே தவிர, லிங்கை விசையைத் தொடவே விடவில்லை. லிங்கின் அப்பா பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளையே அடியில் வைத்து, குட்டி இறக்கைகளோடு, சாய்ந்து திரும்பி நிமிரும் ஒரு பெட்டியை 1929இல் முடித்தார் மகன். பறப்புப் பள்ளிகள் கண்டுகொள்ளவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்கள் வாங்கின. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கப் போய், மோசமான வானிலையில் ஒருவர்பின் ஒருவராக இறந்தபிறகுதான் கண் திறந்தது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டக் கற்றுத்தர ஆள் வேண்டும் என்று தேடியவர்கள் ஒன்று 3,500 டாலர் வீதம் ஆறு பெட்டிகளை வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கானவர்கள் அந்த நீலப்பெட்டிக்குள் மூடி போட்டு உட்கார்ந்து கற்றார்கள்.

இப்போது பெட்டி ஆறு கால்களில் நிற்கிறது. கால்கள் நீண்டு சுருங்குவதால் எந்தப் பக்கமும் சாயும். போதிய அனுபவமுள்ள விமானி இன்னொரு ரக விமானத்துக்கு மாறும்போது, பயிற்சி முழுவதையும் இதிலேயே முடித்துவிட்டு, முதல்முறை நிஜ விமானத்தில் உட்காரும்போது பின்னால் பயணிகள் இருக்கலாம். பக்கத்தில் மேற்பார்வைக்கு மூத்தவர் ஒருவர் இருப்பார். புதிதாகக் கற்பவருக்கு அவ்வளவு சலுகை கிடையாது. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மேகத்துக்குள் கருவிகளை நம்பி ஓட்டும் தகுதிக்கு 40 மணி நேரப் பயிற்சி. அதில் 20 மணிவரை சிமுலேட்டரில் கழிக்கலாம்.

அந்த 20 மணி நேரமும் அவருக்கு என்ன பெயர்? அங்கே விமானம் இல்லை. ஆகவே விமானி என்று சொல்ல நாக்கு தயங்குகிறது. பைலட் என்றால் தயக்கமில்லை. 'விமானி' வாகனத்தில் தொங்குகிற பெயர். வாகனத்தை எடுத்துவிட்டால் விழுந்துவிடும். அந்த விமானமே நம் பக்கத்தில் முதலில் நிற்கிற பொருள்தான். 'வி', 'மான' என்று வடமொழியில் பிரித்தால் அளந்து அமைத்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைக்கு மேலே எழுவதும், கொடும்பாளூர் மூவர் கோயிலில் மிஞ்சியிருக்கும் இரண்டும், நார்த்தாமலையில் நிற்பதும் விமானம்.

சிமுலேட்டருக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறவர்கள் 'போலி' என்ற சொல்லைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். கடைத்தெருவில் அது கெட்டுப்போன சொல். நன்னூலில் கெடவில்லை. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்து நின்றாலும் பொருள் மாறாதிருப்பது அங்கே போலி. அறம் அறன் ஆவதுபோல. ஆறுகால் பெட்டி செய்வதும் அதுதானே? இருந்தாலும் 'போலி விமானம்' என்று எந்த நிறுவனமும் பலகை மாட்டாது என்பது தெரியும்.

பறக்கும் முன்பே பழகிக்கொள்வது நம் காப்பியத்திலும் உண்டு. சீவக சிந்தாமணியில் அரசன் சச்சந்தன் பறக்கும் மயிற்பொறி செய்வித்து, மனைவி விசயைக்கு முன்கூட்டியே பழக்கினான். வலப்பக்கம் திருகினால் எழும், இடப்பக்கம் திருகினால் கால் குவித்து இறங்கும். கர்ப்பிணியாகத் தனியே தப்பிப்போன அவளுக்கு அந்தப் பழக்கம்தான் துணை. திருத்தக்கதேவர் அவளுக்குத் தொழிற்பெயர் எதுவும் சூட்டவில்லை. அரசியாகவே பறந்தாள்.

தாம்பரத்தில் விமானப்படையின் பறப்புப் பயிற்றுநர் பள்ளி 1954இலிருந்து நடக்கிறது. ஓட்டக் கற்றவர்களை ஓட்டக் கற்பிப்பவர்களாக மாற்றும் இடம். மாலுமி என்ற சொல்லை அதன் முழுப்பொருளில் யாருக்காவது தரவேண்டும் என்றால் அங்கே படித்து வெளியே வருகிறவர்களுக்குத் தரலாம்.

பெயரின் பயணம் அதோடும் நிற்கவில்லை. 2021இன் ட்ரோன் விதிகள் தரையில் நின்று இயக்குபவரைத் தொலைநிலை பைலட் என்கின்றன. வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனை இயக்கச் சான்றிதழ் வாங்க வேண்டுமானால் முதலில் கணினித்திரையில் சிமுலேட்டர் பழக வேண்டும். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலேயே அந்தப் பயிற்சி இருக்கிறது. சாத்தனார் சொன்னபடி ஊர்திக்குள் வலவன் இல்லை. ஆனால் வரப்பில் நிற்கிறார். அவரை விமானி என்று எந்த விவசாயியும் கூப்பிடப்போவதில்லை. ட்ரோன்காரர் என்பார்கள், இல்லையென்றால் பைலட்.